வெள்ளைக் கோடு

அக்டோபர் 22, புதன்

தீபாவளிப் பலகாரம் தீர்ந்தது. வந்த சனமும் ஊர் போய்ச் சேர்ந்தது. மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட ஆள் கிடைக்காமல் நானே போட்டேன். தாராபுரம்–பல்லடம் பேருந்தில் காலமெல்லாம் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த இடுப்பு, இப்போது குனிந்து நிமிர்ந்தால் முனகுகிறது.

இன்றைக்குப் பெரிய செய்தி ஒன்று. ஜெசிந்தா டீச்சர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கேமராவோடு வந்து எங்கள் ஓடைக்காட்டில் பட்டாம்பூச்சிகளைப் படம் எடுப்பாரே, அந்தக் கல்லூரி டீச்சர்தான். அவர் எடுத்த படம் பேப்பரில் வந்து, அதை மாவட்டப் பெரிய அதிகாரி பார்த்து, நவம்பர் 3 திங்கட்கிழமை நேரிலேயே வருகிறாராம். என் வேலைக்காலம் முழுக்க என்னைத் தேடி வந்த ஒரே அதிகாரி டிக்கெட் பரிசோதகர். அவரும் நல்ல எண்ணத்தோடு வந்ததில்லை.

ஓடைக்காடு என்றால் வாய்க்காலுக்குத் தெற்கே, ஓடையை ஒட்டிக் கிடக்கும் துண்டு நிலம். மயிலாத்தாளுக்கு அவள் அப்பா எழுதிக்கொடுத்தது. “வாய்க்காலுக்கு வடக்க நீங்க என்ன மருந்து வேணும்னாலும் அடிச்சுக்குங்க. தெக்கால என்னுது” என்பது என் மனைவி போட்ட சட்டம். அங்கே உழவு கிடையாது, களைமருந்து கிடையாது. கிலுகிலுப்பைச் செடி இடுப்பு உயரத்துக்கு மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பாதையோரம் தரையெல்லாம் ஆடுதின்னாப்பாளை. “ஆடே வாய் வைக்காத களைக்கு என் பொண்டாட்டி காவல்” என்று டீக்கடையில் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு பட்டாம்பூச்சி அடையடையாக வரும்.

“இதுல என்ன புள்ள சொகம்?” என்று ஒரு தடவை கேட்டேன். “இந்த ஊட்டுக்கு வர்ற அத்தன பேரும் எனக்கு ஒரு வேலைய வெச்சுட்டுத்தானுங் போறாங்க. இதுக மட்டுந்தான் சும்மா வந்து சும்மா போகுதுக” என்றாள். வருகிறவர்களில் என்னையும் சேர்த்துச் சொன்னாளா என்று கேட்கவில்லை. நான் இந்த வீட்டுக்காரன்தானே.

அக்டோபர் 23, வியாழன்

மயிலாத்தாளை உடுமலைக்குப் பேருந்து ஏற்றிவிட்டேன். தங்கை மகளுக்குப் பிரசவம். ஒன்றாம் தேதிதான் திரும்புவாள். அதிகாரி வருவதைச் சொன்னதற்கு, “வரட்டுமுங். பாத்துட்டுப் போகட்டும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்றாள்.

ஒன்றும் பண்ணாமல் இருப்பதற்கு வருவது என்ன கொழுந்தியாளா?

அக்டோபர் 25, சனி

ஊராட்சித் தலைவர் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “என்னுங் கண்டக்டரே, பாதை இப்புடிக் கெடக்குது? அய்யா காலு வெக்கறதுக்கு எடம் வேணுமல்லங்?”

அவர் சொன்னது நியாயம். எங்கள் வழித்தடத்தில் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் டிரைவருக்கும் எனக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். ரோட்டோரம் ஒரு புல் இருக்காது. இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு ஓடும். கோடு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு பெரிய ஆள். அந்தக் கோட்டை நான் ஆயுசுக்கும் சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். என் தோட்டத்தில் ஒரு நாள் போடலாம் என்றால் கை சும்மா இருக்குமா?

சோளக்காட்டு வரப்புக்குக் கலக்கிய களைமருந்தில் அரை டேங்க் மிச்சம் இருந்தது. காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து, நாசிலைத் தரையோடு தரையாகப் பிடித்து, பாதையின் இரண்டு பக்கமும் அடித்தேன். கிலுகிலுப்பை மேல் ஒரு துளி படவில்லை. பட்டாம்பூச்சி பூவில்தானே உட்காருகிறது, காலடியில் நாறிக் கிடக்கிற களையிலா உட்காருகிறது? இவ்வளவு பதனமாக அடித்ததை மயிலாத்தாளே பார்த்தாலும் மெச்சுவாள். வந்ததும் சொல்லலாம்.

அக்டோபர் 27, திங்கள்

வேட்டிக்குக் கஞ்சி போடக் கொடுத்தேன். முடி வெட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

பாதையோரம் நன்றாக மஞ்சளாகிவிட்டது. பாதை அகலமாகத் தெரிகிறது. அதில் ஏதோ புழு ஊர்கிறது. கறுத்த உடம்பு, சிவப்பு முள், நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. ஒன்றிரண்டு இல்லை, நிறைய. எங்கே போகிறதென்று அதற்கே தெரியாத மாதிரி இங்கும் அங்கும் அலைகிறது. மழை வரப்போகிறதோ என்னவோ. செருப்பில் ஒட்டியதைப் புல்லில் தேய்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 1, சனி

மயிலாத்தாள் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, நேராக ஓடைக்காட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று.

பாதையில் குந்தி உட்கார்ந்தாள். காய்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தாள். “என்ன மருந்து?” என்றாள். சொன்னேன். “பாதையோரம் மட்டுந்தான் புள்ள. பூச்செடிய நான் தொடவே இல்ல.”

“பூவுல வந்து குடிக்குமுங். முட்டைய இந்த எலையிலதான் வெக்கும். குஞ்சு இந்த எலையத்தான் திங்கும். வேறெதக் குடுத்தாலும் பட்டினி கெடந்து சாகுமே தவிர வாய் வெக்காது.” புழு ஒன்றை உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டாள். “செவத்த ஒடம்புக்காரியோட குஞ்சுங் இது.” கறுப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாக ஒரு பட்டாம்பூச்சி வரும். அதற்கு அவள் வைத்த பெயர் அது. இந்தப் புழுதான் அது என்று எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடமாக அதே பாதையில் நானும் நடந்திருக்கிறேன்.

அழவில்லை, திட்டவில்லை. “என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்” என்றாள். வீட்டுக்குப் போய் முறத்தை எடுத்துவந்து புழுக்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மதியம் சோறு போட்டாள், தானும் சாப்பிட்டாள். ஆகவே பெரிய கோபம் இல்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

அதிகாரி வந்தார். நல்ல மனிதர். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஓடைக்காட்டுக்குள் இறங்கினார். ஊராட்சி ஆட்கள் விடியும் முன்பே வந்து, காய்ந்ததைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வாசலிலிருந்து ஓடை வரைக்கும் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு புழு கோட்டின் மேல் ஏறி, பவுடர் அப்பி, அங்கேயே கிடந்தது. அவர் பார்க்கும் முன் நான் காலால் தள்ளிவிட்டேன்.

கிலுகிலுப்பையில் நீலமும் கறுப்புமாகப் பட்டாம்பூச்சி மொய்த்துக் கிடந்தது. அது வேறு சாதி, மலைப் பக்கம் போகிற வழியில் இறங்குவது. அதிகாரி குழந்தை மாதிரி சிரித்தார். “ரசாயனமே படாத நிலம்னு கேள்விப்பட்டேன். அப்படியாங்க?” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“இது யாரோட யோசனை?”

“என்னுதுதானுங்க” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

மயிலாத்தாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைக்கலாம் என்று தேடினேன். அவள் முறத்தோடு கிலுகிலுப்பைக்கு அந்தப் பக்கம் ஓடையோரத்தில் இருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்காது. ஓடையில் தண்ணீர் போகிற சத்தம் இருக்குமல்லவா.

ஓடையில் தண்ணீர் வர இன்னும் ஒரு மழை வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

பேப்பரில் என் படம். பின்னால் செதுக்கிக் குவித்த களை மஞ்சளாகத் தெரிவதைப் பார்க்கிறவர்கள் பூ என்று நினைத்துக்கொள்வார்கள்.

முறத்தில் வெற்றிலை, முருங்கை, கொத்தமல்லி என்று என்னென்னவோ போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் கடிபடவில்லை. ஜெசிந்தா டீச்சரும் போனில் அதையே சொன்னார்: அந்த இலை இல்லையென்றால் இல்லைதான். நாளைக்கே மறுபடி மொளைக்குமா என்று கேட்டேன். வேர் பிழைத்திருந்தால் ஒரு வேளை, ஆனால் அதுவரைக்கும் இதுகள் தாங்காது என்றார்.

காலையிலிருந்து மயிலாத்தாள் என்னிடம் பேசியது, “காப்பி ஆறுது” மட்டும்.

நவம்பர் 5, புதன்

மொபெட்டை எடுத்தேன். “ஏறு, தேடிப் பாக்கலாம்” என்றேன். ஏறினாள். மடியில் ஒரு சாக்கு.

ஊரெல்லாம் அலைந்தோம். நான் பிறந்ததிலிருந்து வேரோடு பிடுங்கி எறிந்த களை, இன்றைக்கு ஒரு கை இலை வேண்டுமென்றால் இல்லை. வரப்பில் இல்லை. வாய்க்கால் மேட்டில் இல்லை. தென்னந்தோப்புகள் துடைத்துவிட்ட மாதிரி இருக்கின்றன. எங்கே போனாலும் களைமருந்து அடித்த பழுப்பு. இத்தனை நாள் அதைப் பார்த்தால் ‘தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறான்’ என்று மெச்சிக்கொண்டே போவேன்.

கேட்ட இடமெல்லாம் சிரித்தார்கள். “களை வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்” என்றார் ஒருவர். இன்னொருவர் பேப்பரில் என்னைப் பார்த்தவர். “உங்க தோட்டத்துலதான் மருந்தே அடிக்கறதில்லையாமா? அங்க இல்லாததா?” என்றார். பின்னால் உட்கார்ந்திருந்தவள் வெறும் சாக்கை மடியில் சுருட்டிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முறத்தில் பாதிப் புழு அசையவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் பல் விளக்கும்போது ஞாபகம் வந்தது. ஊத்துக்காட்டுப் பிரிவு நிறுத்தத்துக்கு எதிரே, வேலி சாய்ந்து, ஆள் நடமாட்டமே இல்லாமல் ஒரு காடு கிடக்கும். படியில் நின்று தினமும் பார்த்தது. நல்லசாமி, தெய்வசிகாமணி என்று அண்ணன் தம்பி இருவர். பாகப்பிரிவினையில் சண்டை வந்து வழக்கில் கிடக்கிறது. இவர் காலை வைத்தால் அவர் விடமாட்டார், அவர் வைத்தால் இவர் விடமாட்டார். பத்து வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை கிடையாது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம் களைக்கு.

போய் எட்டிப் பார்த்தால், கோயில் நடை திறந்ததைக் கண்ட மாதிரி மயிலாத்தாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தரை தெரியாமல் ஆடுதின்னாப்பாளை.

அனுமதி வாங்க அண்ணனிடம் போனேன். “நீங்க அளக்க வந்த ஆளில்லீன்னு நான் எப்புடிங் நம்பறது? அவன் சம்மதிச்சான்னா எனக்கும் சம்மதம்.” தம்பியிடம் போனேன். “அவரு வாயால சொல்லச் சொல்லுங்.” திரும்பவும் அண்ணன். அவர் சொன்னதை இவரிடம், இவர் சொன்னதை அவரிடம். ஓய்வு பெற்ற பிறகும் டிரிப் அடிக்கிறேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை இருவரும் நேரில் வந்து காவல் நிற்பது, அவர்கள் கண் முன்னாலேயே நாங்கள் இலையைப் பறிப்பது என்று முடிவானது.

நவம்பர் 9, ஞாயிறு

கிழக்கு மூலையில் அண்ணன், மேற்கு மூலையில் தம்பி. நடுவில் நாங்கள் இருவரும் குனிந்து களை பறித்தோம்.

சாக்கு நிறைந்ததும் மயிலாத்தாள் வேறொரு யோசனை செய்தாள். முறத்தில் உயிரோடு மிஞ்சியதை, வேலி வாசலிலிருந்து உள்ளே போகும் பழைய பாதையோரம் அடர்ந்திருந்த செடிகளில் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் நாளைக்கும் இலை வேண்டும், நாளை மறுநாளும் வேண்டும். இங்கேயே இருக்கட்டும் என்று விட்டாள். ஏறிய புழு உடனே தின்னத் தொடங்கியது. அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அண்ணன் பொறுக்கமுடியாமல் கத்தினார். “ஏன்டா சிகாமணி, அதென்னடா, புழுவக் கொண்டாந்து நம்ம காட்டுல உடறாங்க?”

“எனக்கென்னண்ணா தெரியும்? நீதான உள்ள உட்ட!”

சொல்லிவிட்டு இருவரும் திகைத்து நின்றார்கள். முதலில் தம்பிதான் சிரித்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

சோளம் பால் பிடித்துவிட்டது. கிளி விரட்டினேன். முறத்தின் ஓரத்தில் முன்பே கூடு கட்டியிருந்த ஒன்று இன்று வெளியே வந்தது. கறுப்பு இறக்கை, சிவப்பு உடம்பு. ஓடைக்காட்டை இரண்டு சுற்று சுற்றியது. பாதையோரம் தாழ்வாகப் பறந்து பறந்து பார்த்தது. முட்டை வைக்க இலை தேடுகிறது போல. பிறகு ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

நான் அடித்தது அரை டேங்க்தான். யாரிடமாவது இதைச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. சொல்ல வேண்டிய ஆள் சமையலறையில் இருக்கிறாள்.

நவம்பர் 24, திங்கள்

அண்ணனும் தம்பியும் சமாதானமாகிவிட்டார்கள்! வழக்கைத் திரும்பப் பெறுகிறார்களாம். இருவரும் ஒரே வண்டியில் வந்து சொன்னார்கள். “நீங்க அன்னிக்கு வந்ததுதானுங் காரணம். ஞாயித்துக்கெழம நீங்களும் அக்காவும் வந்து காட்டுல மொதத் தேங்கா ஒடைக்கோணும்.”

சமாதானம் என்றால் காடு உழவுக்கு வரும். “அந்தச் செடியை மட்டும்...” என்று இழுத்தேன்.

“கண்டக்டர் சொல்லி மீறுவமுங்களா? தை பொறந்துதான் உழவு. அதுவரைக்கும் நீங்க எல பறிச்ச எடத்துல ஒருத்தனும் கை வெக்கமாட்டான்.”

மயிலாத்தாளிடம் சொன்னேன். “தைக்குள்ள கூடு கட்டிப் பறந்துருமுங்” என்றாள். ஒரு முழு வாக்கியம். இன்றைக்கு அது போதும்.

நவம்பர் 30, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் நடக்காததாகிவிடுமா?

ஊத்துக்காட்டுப் பிரிவில் மொபெட்டை நிறுத்தும்போதே கண்ணில் பட்டது. வேலி வாசலிலிருந்து உள்ளே வரைக்கும், பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. என் பின்னால் இருந்தவள் இறங்கவில்லை. என் தோளை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

“இந்தப் பக்கத்துக் கோடு நான் போட்டதுங். அந்தப் பக்கம் தம்பி” என்றார் நல்லசாமி. முகமெல்லாம் பூரிப்பு. “நீங்க வர்றீங்கன்னு காத்தாலயே எந்திரிச்சு சுத்தம் பண்ணுனோமுங். நேரம் பத்தல. முன்னமே மருந்தடிச்சிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும்.”

இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. ஈரம் இன்னும் மினுங்கியது. அந்த வாசனை எனக்குத் தெரியும். தெய்வசிகாமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: “நீங்க எல பறிச்ச எடத்துல படவே இல்லீங். பாதையோரம் மட்டுந்தான்.”

பாதையோரம் மட்டும்தான். என் வாயிலிருந்து வந்த அதே சொல். அவர்களைத் திட்ட எனக்கு வாய் ஏது? பெரிய மனிதன் வருகிறான் என்று மரியாதை செய்திருக்கிறார்கள். அந்தப் பெரிய மனிதன் நான். ஆயுசுக்கும் சன்னல் வழியாகப் பார்த்த கோடு எனக்காகப் போடப்பட்டிருக்கிறது. அதன் மேல் நடந்து போனேன்.

இருவரும் சேர்ந்து பொன்னாடை போர்த்தினார்கள். அதைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எடுத்துத் தரையில் விரித்தேன். குந்தி உட்கார்ந்து, ஈர இலையிலிருந்து முதல் புழுவை எடுத்துச் சரிகையின் மேல் வைத்தேன். அழுகை வந்துவிட்டது. நாலு பேர் முன்னாலேயே அழுதேன்.

“கண்டக்டருக்கு என்னாச்சுங்?” என்று யாரோ கேட்டார்கள்.

மயிலாத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். “இந்தப் பக்கம் நான் பாக்கறேன். அந்தப் பக்கம் நீங்க பாருங்க. அழுத்திப் புடிக்காதீங்க, வவுறு ஒடஞ்சிரும்.”

பொறுக்கியதையெல்லாம் பொன்னாடையில் ஏந்தி, நடுக்காட்டில் மருந்து படாத செடிகளுக்குக் கொண்டுபோய் ஏற்றினோம். சில ஏறின. சில செடியைக் கடிக்காமல் அப்படியே தொங்கின. மருந்து நனைந்தவை கீழே விழுந்தன. அண்ணனும் தம்பியும் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை அப்படியே நின்றார்கள்.

திரும்பும் வழியில், “அன்னைக்கு அதிகாரி கேட்டாரே, யாரோட யோசனைன்னு. நான் பொய் சொல்லிட்டேன் மயிலா” என்றேன்.

“கேட்டுதுங்” என்றாள்.

டிசம்பர் 3, புதன்

நல்ல மழை. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது.

டிசம்பர் 12, வெள்ளி

ஓடைக்காட்டுப் பாதையில், கல்லுக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவில், ஒரு பழைய கூடையை மயிலாத்தாள் கவிழ்த்து வைத்திருந்தாள். மேலே காய்ந்த புல்லைப் போட்டு மறைத்திருந்தாள். நான் தூக்கிப் பார்த்தேன். மருந்துக்குத் தப்பிய வேரிலிருந்து ஆடுதின்னாப்பாளை தளிர்த்திருந்தது. விரல் நீளம் இருக்கும். ஓர் இலைக்கு அடியில் சிவப்பாகக் கடுகு மாதிரி மூன்று நான்கு முட்டைகள்.

காலையில் பட்டாம்பூச்சிக்காகக் கூடையைத் திறந்துவிட்டு, நான் வருவதற்குள் மறுபடி மூடியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததில் நியாயம் இருக்கிறது. நல்லது ஒன்று கிடைத்தால் நான் நாலு பேரைக் கூட்டிவந்துவிடுவேன்.

கூடையை இருந்த மாதிரியே கவிழ்த்து, புல்லையும் அதே மாதிரி போட்டுவிட்டு வந்தேன். பார்த்ததாக அவளிடம் சொல்லமாட்டேன்.

வடக்குக் காட்டு வரப்புக்கு இன்றைக்கு மருந்து கலக்கியிருக்க வேண்டும். கலக்கவில்லை. கேட்டதற்கு இடுப்பு வலி என்றேன். “சரிங்” என்றாள், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு.